பனிமலையில் கொதித்த எந்திரம்

பனி என்னும் சொல்லைக் கேட்டதும் நம் மாணவர் உள்ளத்தில் தோன்றுவது மார்கழி வைகறையில் புல் நுனியில் தங்கிய நீர்த்துளியே. முன்பனி என்றும் பின்பனி என்றும் நம் முன்னோர் ஆண்டின் நான்கு திங்களைப் பனிக்கென ஒதுக்கினர். எனினும் அந்நான்கு திங்களிலும் நம் வீட்டுக் குடத்து நீர் உறைந்ததில்லை. கனடா நாட்டின் மேற்குக் கோடியிலுள்ள பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்திலோ பனி என்பது முற்றிலும் வேறு பொருள். அங்கே அது வானிலிருந்து பஞ்சுபோல் இறங்கி, ஆள் உயரத்திற்கும் மேலாகக் குவிந்து, மலைகளில் ஐந்தாறு திங்கள் அகலாது கிடக்கும். ரெவல்ஸ்டோக் என்னும் சிற்றூரை அடுத்த கோப்லண்ட் மலையில் 1971-72ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில் பெய்த பனியின் மொத்த அளவு 24 மீட்டரைத் தாண்டியது. நம் ஊர் எட்டு மாடிக் கட்டடம் ஒன்றை மனக்கண்ணில் நிறுத்தினால் அவ்வளவு விளங்கும்.

இக்கல்லூரியில் யாம் பயின்றது இயற்பியல். பகுதி ஒன்றில் தமிழ் கட்டாயப் பாடமாக வாய்த்தது எம் நற்பேறு. தமிழ்த்துறை மலருக்குக் கட்டுரை ஒன்று அனுப்புமாறு அழைப்பு வந்தபோது, அயல்நாட்டு வாழ்வைப் பற்றிய வழக்கமான கட்டுரையை எழுத எமக்கு மனம் வரவில்லை. விமானம் ஏறுகையில் கண் கலங்கியதையும், கொட்டும் பனியில் மிளகு ரசம் வைத்துக் குடித்ததையும் எம்மினும் நன்றாகப் பலர் எழுதிவிட்டனர். ஆதலின் ஒரு பழுதைப் பற்றி எழுதத் துணிந்தோம். அது எம் வண்டிக்கு நேர்ந்ததன்று; எம் நண்பரின் வண்டிக்கு நேர்ந்தது. அவரும் இக்கல்லூரியில் பயின்றவரே. எமக்கு மூன்றாண்டு இளையவர். எங்கள் கடற்கரை ஊரின் வழக்கப்படி எம்மைக் காக்கா என்று அழைப்பவர். ரெவல்ஸ்டோக் அருகே மலைச்சரிவில், பூச்சியத்துக்குக் கீழே 14 டிகிரி குளிரில், அவருடைய மோட்டார் சைக்கிள் கொதித்து ஆவி கக்கி நின்றபோது அவர் முதலில் சொன்னது இதுதான்: "காக்கா, ஐஸ் மலையில வண்டி கொதிச்சு நின்னுச்சுன்னு ஊருல சொன்னா யாரு நம்புவா?"

நம்பாமல் இருப்பதற்கு நியாயம் உண்டு. குளிர்ந்த இடத்தில் இருக்கும் பொருள் தானே குளிர்ந்துவிடும் என்பது பொது அறிவு. ஆனால் அந்தப் பொது அறிவில் ஓர் ஓட்டை இருக்கிறது. அதைக் காட்டுவதற்கு முன்னர் வண்டி இன்னதென விளக்கிவிடுவோம்.

மண்பாதையிலும் மேடு பள்ளங்களிலும் ஓட்டுவதற்கென்றே செய்யப்பட்ட எடை குறைந்த மோட்டார் சைக்கிளை டர்ட் பைக் என்பர். அதன் முன்சக்கரத்தைக் கழற்றிவிட்டு அகன்ற சறுக்குப்பலகை ஒன்றைப் பொருத்துவர். பின்சக்கரத்தையும் அதைத் தாங்கும் இரும்புக் கையையும் நீக்கிவிட்டு, பீரங்கி வண்டிக்கு இருப்பது போன்ற ரப்பர்ச் சுழல்பட்டையை அதற்குரிய சட்டத்தோடு மாட்டுவர். எந்திரம், பெட்ரோல் தொட்டி, கைப்பிடி யாவும் பழையனவே. கோடையில் மண்ணில் ஓடிய வண்டி மாரியில் பனியில் நீந்தும். அமெரிக்காவின் ஐடஹோ மாநிலத்துச் சாண்ட்பாயிண்ட் நகரில் ஆலன் மங்கம் என்பவர் தொடங்கிய டிம்பர்ஸ்லெட் நிறுவனம் இவ்வகை மாற்றுத் தொகுதிகளைப் பரவலாக்கிற்று. 2015ஆம் ஆண்டில் போலாரிஸ் நிறுவனம் அதனை விலைக்கு வாங்கியது. 2017இல் ஆஸ்பென் நகரில் நடந்த எக்ஸ் கேம்ஸ் விளையாட்டு விழாவில் இவ்வண்டிகளுக்கெனத் தனிப் பந்தயமே நடந்தது. நண்பரின் வண்டி அத்தகைய பெருமை எதுவும் இல்லாதது. கார்புரேட்டர் உள்ள பழைய 450 சி.சி. வண்டி. மாற்றுத் தொகுதி பூட்டிய நிலையிலேயே ஒருவரிடமிருந்து வாங்கினார்.

இனி ஓட்டைக்கு வருவோம். பெட்ரோல் எந்திரத்தில் எரிபொருளின் ஆற்றலில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கோ அதனினும் குறைவாகவோதான் உழைப்பாக மாறுகிறது. எஞ்சியது வெப்பம். அதில் ஒரு பகுதி புகைக்குழல் வழியே போகிறது. மற்றொரு பெரும் பகுதியைச் சிலிண்டரைச் சுற்றி ஓடும் கூலண்ட் நீர்மம் ஏந்திக்கொண்டு ரேடியேட்டருக்குச் செல்கிறது. இத்தகைய வண்டியில் பெட்ரோல் தொட்டியின் இருபுறமும் புத்தகம் அளவில் இரண்டு ரேடியேட்டர்கள் இருக்கும். பந்தய வண்டிகளில் மின்விசிறி வைப்பதில்லை. ஓடும் வேகத்தில் எதிர்வரும் காற்றே விசிறி. மண்பாதையில் வண்டி அறுபது, எழுபது கிலோமீட்டர் வேகத்தில் பாயும்போது அது போதும். ஆழமான பனியிலோ எந்திரம் முழு வேகத்தில் உறுமிக்கொண்டிருக்க, வண்டி இருபது கிலோமீட்டர் வேகத்தில் உழுதுகொண்டிருக்கும். உழைப்பு உச்சத்தில், காற்று மந்தத்தில். போதாக்குறைக்குச் சுழல்பட்டையும் சறுக்குப்பலகையும் வாரி இறைக்கும் பனித்தூள் ரேடியேட்டரின் மென்தகடுகளுக்கு இடையே புகுந்து, சற்று உருகி, மீண்டும் உறைந்து அடைத்துக்கொள்ளும். புதிதாகப் பெய்த பனியில் பெரும்பகுதி காற்றே. இலவம் பஞ்சுப் போர்வையைப் போல் அது வெப்பத்தைத் தடுக்கும். பனிக்கட்டியால் வீடு கட்டி அதனுள் கதகதப்பாக வாழ்ந்தவர்களைப் பள்ளிப் பாடத்தில் படித்திருக்கிறோம் அல்லவா? அதே போர்வைதான் ரேடியேட்டர் மேலும் விழுகிறது.

ரேடியேட்டர் என்பதைச் சிலர் கதிர்வீசி எனத் தமிழ்ப்படுத்துவர். ஆங்கிலச் சொல்லே பொருத்தமற்றது என்பதால் அதன் நிழலாகிய தமிழ்ச் சொல்லும் பொருந்தவில்லை. அக்கருவி வெப்பத்தைக் கதிராக வீசுவது மிகச் சிறிதளவே. பெரும்பகுதியைக் காற்றில்தான் கரைக்கிறது. நம் மொழியில் இச்செயலுக்கு ஆற்றுதல் என்னும் அருமையான சொல் இருக்கிறது. தேநீர்க் கடைக்காரர் ஒரு குவளையிலிருந்து இன்னொரு குவளைக்கு முழ நீளத்திற்கு ஆற்றுகிறார். சூடான நீர்மத்தை மெல்லிய தாரையாக்கிக் காற்றோடு கலக்கவிடுகிறார். தாரை வேண்டும், காற்றும் வேண்டும். கடைக்கு வெளியே எவ்வளவு குளிர் இருந்தாலும், குவளையை மூடி வைத்துவிட்டால் தேநீர் ஆறாது. தாரையைக் கூலண்ட் என்று கொள்க, அது ஓடவேண்டும். காற்றும் ஓடவேண்டும். இரண்டில் ஒன்று நின்றாலும் வட துருவத்திலேயே எந்திரம் கொதிக்கும். வெளிக்குளிர் தானாக உள்ளே வந்து எந்திரத்தைக் குளிர்விப்பதில்லை. அதனிடம் வெப்பத்தைக் கொண்டுபோய் ஒப்படைக்க ஓர் ஓட்டம் வேண்டும்.

இதற்கு மறுபக்கமும் உண்டு. மண்பாதைப் பந்தய வண்டிகளில் பெரும்பாலும் தெர்மோஸ்டாட் இருப்பதில்லை. அப்படியே பனிக்குக் கொண்டுவந்தால், சரிவில் இறங்கும்போது கூலண்ட் மிகவும் குளிர்ந்துவிடும். எந்திரம் வேண்டிய சூட்டை எட்டாது. பெட்ரோல் சரியாக ஆவியாகாமல் சிலிண்டர்ச் சுவரிலுள்ள எண்ணெயைக் கழுவும். எண்ணெயில் ஈரம் சேர்ந்து மோர் நிறமாகும். ஆகவே பனிக்கு மாற்றும்போது குழாய் வழியில் தெர்மோஸ்டாட் ஒன்றைப் பூட்டுவர். அதனுள் ஒரு மெழுகு உருண்டை இருக்கிறது. குறித்த சூட்டில் மெழுகு உருகி விரிந்து கதவைத் தள்ளித் திறக்கும். ஆறினால் சுருங்கும், கதவு மூடும். கதவு மூடியிருக்கும் வேளையிலும் கூலண்ட் எந்திரத்துக்குள் சுற்றிவர வேண்டும் என்பதற்காகப் பைபாஸ் என்னும் சிறு குழாய் ஒன்றைத் தெர்மோஸ்டாட்டிலிருந்து பம்ப்பிற்கு இழுத்துவிடுவர். சுண்டுவிரல் பருமனுள்ள அச்சிறு குழாயை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறோம்.

அன்று நடந்தது இது. பிப்ரவரித் திங்களின் நடுப்பகுதி. வண்டிகளை நிறுத்தும் இடத்திலிருந்து 19 கிலோமீட்டர் உள்ளே, மரங்கள் முடியும் உயரத்திற்குச் சற்றுக் கீழே நாங்கள் இருவரும் ஏறிக்கொண்டிருந்தோம். கெட்டிப்பட்ட பாதையில் நண்பரின் வண்டி ஒழுங்காகவே வந்தது. ஆழப்பனியில் புகுந்த கால்மணி நேரத்தில் சூடுகாட்டியில் சிவப்பு விளக்கு எரிந்தது. மூடியின் ஓரமாக ஆவி சீறியது. வழிந்தோடிய பச்சை நீர்மம் பனியில் கறையாகப் படிந்தது. நேரம் மூன்றரை. அந்நாளில் அங்கே ஐந்தேகால் மணியளவில் சூரியன் மறையும். பனிச்சரிவு நேர்ந்தால் தேடிக்கொள்ளும் கருவியும் மண்வெட்டியும் துழாவுகோலும் எங்களிடம் இருந்தன. இரவு தங்கும் கூடாரம் இல்லை. வண்டியைக் கைவிட்டு இருவரும் ஒரே வண்டியில் ஏறிவிடலாம் என எண்ணுவது எளிது. அந்த வண்டிகளில் ஒருவர் அமரவே இடம். ஆழப்பனியில் இருவர் ஏறினால் புதைந்துவிடும்.

நண்பர் இரண்டு கை நிறையப் பனியை அள்ளினார். எந்திரத்தின் மேல் கொட்டலாமா என்பது அவர் கேள்வி. "வேண்டாம் தம்பி, கை வைக்காதே, மூடியையும் தொடாதே" என்றோம். கொதிக்கும் அலுமினியத்தின் ஒரு பக்கத்தில் மட்டும் உறைபனியைக் கொட்டினால் அது ஒழுங்கின்றிச் சுருங்கிக் கோணலாகும். மூடியைத் திறப்பது அதனினும் கொடிது. கூலண்ட் அழுத்தத்தில் அடைபட்டுக் கிடப்பதால் அது 100 டிகிரிக்கு மேலும் நீர்மமாகவே இருக்கும். மூடியின் விசை ஏறத்தாழ 1.1 பார் அழுத்தம் வரை பிடித்து வைக்கிறது. அதைத் திறந்த நொடியில் அழுத்தம் போய்விடும். உள்ளிருப்பது ஆவியாகிக் குபீரென முகத்தில் அடிக்கும். அங்கே உயரமும் சேர்ந்துகொள்கிறது. 2000 மீட்டர் உயரத்தில் வெறுந்தண்ணீர் 93 டிகிரியிலேயே கொதித்துவிடும்.

எந்திரத்தை நிறுத்திக் காத்திருந்தோம். காத்திருந்த வேளையில் கையுறையைக் கழற்றிக் குழாய்களைத் தொட்டுப் பார்த்தோம். சிலிண்டர்த் தலையிலிருந்து வரும் குழாய் தொட முடியாதபடி கொதித்தது. தெர்மோஸ்டாட்டைத் தாண்டி ரேடியேட்டருக்குச் செல்லும் குழாயோ வெளிக்குளிரைப் போலவே சில்லிட்டிருந்தது. ஒரு சாண் இடைவெளியில் ஒருபுறம் அடுப்பு, மறுபுறம் ஐஸ் பெட்டி. ரேடியேட்டர்த் தகடுகளில் பனி ஒட்டியிருந்ததும் உண்மை. அதைக் கையால் தட்டிவிட்டோம். ஆனால் நோய் அதுவன்று என்பதை அந்தச் சில்லிட்ட குழாய் அப்போதே சொல்லிவிட்டது. பனி அடைத்ததால் கொதித்திருந்தால் ரேடியேட்டர் சூடாக இருந்திருக்க வேண்டும். சூடு அதுவரை போய்ச் சேரவே இல்லை.

முக்கால் மணி நேரம் கழித்துத் துணி போர்த்தி மூடியை மெல்லத் திறந்தோம். எம் பையில் எப்போதும் அரை லிட்டர் கலந்த கூலண்ட் இருக்கும். அதில் முக்கால் பங்கு உள்ளே போயிற்று. பின்னர் எந்திரத்தை மெல்ல ஓட்டி, எங்கள் தடத்திலேயே திரும்பி இறங்கினோம். வண்டியை நிறுத்தும் இடம்வரை சூடுகாட்டியின் எண்களை நண்பர் உரக்கச் சொல்லிக்கொண்டே வந்தார். யாம் நினைவில் குறித்தோம். 62, 64, 71, திடுமென 118, நிறுத்தினோம். மீண்டும் கிளப்பியதும் 109. உடனே சரசரவென்று இறங்கி 58. பிறகு மறுபடியும் ஏற்றம். இப்படி நான்கு முறை. ஆறரை மணிக்குத் தலைவிளக்கின் ஒளியில் வந்து சேர்ந்தோம்.

ஊரில் மூன்று பேர் மூன்று யோசனை சொன்னார்கள். தெர்மோஸ்டாட்டைப் பிடுங்கி எறி என்றார் ஒருவர். பெரிய ரேடியேட்டர் வாங்கு என்றார் மற்றொருவர். மூன்றாமவர் தொழில் தெரிந்தவர்; ஹெட் கேஸ்கெட் போயிருக்கும், தலையைத் திறக்க வேண்டும் என்றார். ஆயிரம் டாலருக்கு மேல் ஆகும் என்று கணக்கும் கொடுத்தார். நண்பர் அந்தத் தொகையைச் செலவிடும் நிலையில் இல்லை. அவ்வளவு போட்டு மீட்கும் மதிப்பும் வண்டிக்கு இல்லை. "வித்துடலாமா காக்கா?" என்றார். கொதிக்கும் என்று தெரிந்தே இன்னொருவர் தலையில் கட்டுவதா என்று யாம் கேட்டபோது அவர் மறுமொழி சொல்லவில்லை. மலையில் நடுவழியில் நின்றுபோகும் வண்டியை விற்பது பழைய மிதிவண்டியை விற்பது போன்றதன்று. வாங்குபவர் இரவில் தனியே மாட்டிக்கொள்ளக்கூடும். சரிசெய்ய வேண்டும், அல்லது உடைத்து உதிரியாக விற்க வேண்டும். மூன்றாவது வழி இல்லை.

சரிசெய்வதில் யாம் கொண்ட முறை ஒன்றே: செலவில்லாததை முதலில் பார்த்தல். நண்பரின் வாகனக் கொட்டகையில் இரண்டு மாலைகள் செலவாயின. கூலண்டை ஒளிவிலகல் மானியில் ஒரு சொட்டு வைத்துப் பார்த்தோம். முன் உரிமையாளர் தண்ணீர் கலவாமல் ஏறக்குறைய முழு கிளைக்காலையே ஊற்றியிருந்தார். உறையாமல் காக்கும் மருந்து மிகுந்தால் காப்பும் மிகும் என்று அவர் எண்ணியிருக்கக்கூடும். உண்மை நேர்மாறானது. தூய எத்திலீன் கிளைக்கால் பூச்சியத்துக்குக் கீழே 13 டிகிரியிலேயே உறையத் தொடங்கும். அதில் பாதியளவு தண்ணீர் கலந்தால் 37 டிகிரி வரை தாங்கும். இயற்பியல் மாணவர்கள் இதன் காரணத்தைத் தம் ஆசிரியரிடம் கேட்டறிக. மேலும் தண்ணீரே கிளைக்காலைவிடச் சிறந்த வெப்பச் சுமைகூலி. பழையதை வடித்து மூடிய கலத்தில் சேர்த்தோம். அது இனிக்கும் நஞ்சு; தரையில் விட்டால் நாய்கள் நக்கி மாயும்.

அடுத்து அழுத்தச் சோதனை. கைப்பம்ப்பினால் 1.1 பார் ஏற்றி இருபது நிமிடம் விட்டோம், முள் அசையவில்லை. கசிவு இல்லை. எந்திர எண்ணெய் தெளிவாக இருந்தது. பம்ப்பின் அடியிலுள்ள கசிவுத் துளை உலர்ந்திருந்தது. உள்ளே இம்பெல்லர் சக்கரம் தண்டோடு உறுதியாகச் சுழன்றது. மூடியைத் திறந்து வைத்து எந்திரத்தை ஓட்டியபோது குமிழிகள் தொடர்ந்து எழவில்லை. ஹெட் கேஸ்கெட் உடைந்திருந்தால் எரிவாயு கூலண்டில் புகுந்து சோடாவைப் போல் பொங்கியிருக்கும். ஆக, ஆயிரம் டாலர் யோசனை அன்றே தள்ளுபடியாயிற்று. பிளக்கின் நிறம் காப்பித்தூள் நிறம். கலவை வறட்சியும் இல்லை. தெர்மோஸ்டாட்டைக் கழற்றிப் பழைய சட்டி ஒன்றில் தண்ணீர் வைத்து, வெப்பமானியோடு தொங்கவிட்டுச் சூடாக்கினோம். 70 டிகிரியில் கதவு கண் திறந்தது. 82இல் முழுவதும் திறந்தது. அதன்மேல் குற்றம் இல்லை. நண்பரின் மனைவி வாயிலில் நின்று பார்த்துவிட்டு, "அந்தச் சட்டி இனிமே வீட்டுக்குள்ள வரக்கூடாது" என்று ஆணையிட்டார். முறையான ஆணை.

எல்லாம் சரியாக இருந்தது. அதுவே சிக்கல். பெட்ரோல் தொட்டியைக் கழற்றி வைத்து, நோயாளிக்குச் சலைன் ஏற்றுவதுபோல் ஒரு சிறு புட்டியில் பெட்ரோலைத் தொங்கவிட்டு, பெரிய மின்விசிறி ஒன்றை எதிரே நிறுத்தி எந்திரத்தை ஓட்டினோம். சூடு ஒழுங்காக ஏறியது. எழுபத்திரண்டு அளவில் ரேடியேட்டருக்குச் செல்லும் குழாய் மெல்லச் சூடாயிற்று. இரண்டு ரேடியேட்டர்களும் சமமாகச் சுட்டன. நண்பர் மகிழ்ந்தார்: "கூலண்டுதான் காக்கா கோளாறு. மாத்துனதும் சரியாயிருச்சு." எமக்கு அந்த மகிழ்ச்சி வரவில்லை. கூலண்டு கெட்டியாக இருந்தால் சூடு கூடுதலாக ஏறி அங்கேயே நிற்கும். 118இலிருந்து 58க்கு ஊஞ்சல் ஆடாது. மெல்ல ஏறி நிற்பது ஆற்றும் வலிமை குறைந்ததன் அடையாளம். ஏறிக் குதித்து விழுவதோ ஓட்டம் விட்டுவிட்டு நடப்பதன் அடையாளம். நண்பர் சொன்ன எண்களை யாம் குறித்து வைத்ததன் பயன் இங்கேதான் தெரிந்தது.

ஆதலின் சோதனை செய்த வண்டிக்கும் மலையில் ஓடிய வண்டிக்கும் என்ன வேறுபாடு என்று கேட்டுக்கொண்டோம். கூலண்ட் ஒன்று, அது போகட்டும். மற்றொன்று கண்ணெதிரே விசிப்பலகையில் கிடந்தது: பெட்ரோல் தொட்டி. அதை வண்டியில் ஏற்றி, இருக்கையையும் பூட்டி, திருகுகளை முறுக்கி, அதே மின்விசிறியின் முன் மீண்டும் ஓட்டினோம். 64, 70, 77, 96, 112. ரேடியேட்டர்க் குழாய் சில்லென்றே இருந்தது. பிறகு ஒரே பாய்ச்சலில் கதவு திறந்து 66க்கு விழுந்தது. நோய் திரும்பிவிட்டது. பழுதைத் தேடுவோருக்கு நோய் திரும்புவதைப் போன்ற நற்செய்தி வேறில்லை.

தொட்டிக்கு அடியில் என்ன நடக்கிறது என்பதைத் தொட்டி பூட்டிய நிலையில் காண முடியாது. கழற்றினால் நடப்பது நின்றுவிடும். இங்கே நண்பரின் மனைவியே உதவினார். இரவுப் புரோட்டாவுக்குப் பிசைந்து வைத்திருந்த மாவில் எலுமிச்சையளவு நான்கு உருண்டைகள் வாங்கினோம். மெல்லிய பிளாஸ்டிக் தாளில் சுற்றித் தெர்மோஸ்டாட்டின் மேலும் குழாய்களின் மேலும் வைத்துத் தொட்டியைப் பூட்டினோம், கழற்றினோம். மூன்று உருண்டைகள் ஏறக்குறைய வைத்தபடியே இருந்தன. நான்காவது அப்பளம்போல் தட்டையாகிக் கிடந்தது. அதன் அடியில் பைபாஸ் குழாய். தொட்டியின் அடிவிளிம்பு அதன் வளைவின்மேல் சரியாக வந்து அமர்ந்திருக்கிறது. முன்பு பூட்டியவர்கள் குழாயை அவ்விடத்தில் பிளாஸ்டிக் வாரால் சட்டத்தோடு இறுக்கிக் கட்டியும் இருந்தார்கள். மேலே தொட்டி அமுக்க, கீழே வார் பிடிக்க, நடுவில் குழாய் ஒட்டிப்போயிற்று. தொட்டியை எடுத்தவுடன் ரப்பர் தன் இயல்பினால் மெல்ல விரிந்து ஏதும் அறியாததுபோல் இருந்துவிடும். அவ்வாறு பூட்டிக் கொடுத்த பணிமனை எது என்று நாங்கள் கேட்கவில்லை. கேட்டுப் பயனும் இல்லை.

இனிக் கணக்கு நேராகிறது. பைபாஸ் அடைபட்டால், தெர்மோஸ்டாட்டின் கதவு மூடியிருக்கும்வரை கூலண்ட் போவதற்கு வழியே இல்லை. பம்ப் இருந்த இடத்திலேயே கலக்கிக்கொண்டிருக்கும். சிலிண்டர்த் தலையில் தேங்கிய சிறிதளவு நீர்மம் கொதிக்கும். ஒரு முழம் தள்ளியிருக்கும் மெழுகு உருண்டையோ அச்செய்தியை அறியாது ஆறியபடி இருக்கும். இறுதியில் ஆவி பீறிட்டுச் சென்று மெழுகைத் தொடும்போது கதவு திறக்கும். அவ்வளவு நேரமும் ரேடியேட்டரில் உறைநிலைக்குக் கீழே கிடந்த கூலண்ட் வெள்ளமாக உள்ளே பாயும். 118இலிருந்து 58க்கு விழுவது இதனால்தான். மெழுகு உடனே சுருங்கும், கதவு மூடும், அடுத்த சுற்று தொடங்கும். கெட்டிப்பாதையில் எந்திரத்தின் சுமை குறைவாதலால் நசுங்கிய குழாயில் கசியும் சிறு ஓட்டமே போதுமாயிருந்தது. ஆழப்பனியில் போதவில்லை. இந்த ஏற்ற இறக்கத்தில் பிஸ்டனும் சிலிண்டரும் ஒரே வேகத்தில் விரிந்து சுருங்குவதில்லை. இன்னும் சில நாள் ஓட்டியிருந்தால் உண்மையாகவே தலையைத் திறக்க நேர்ந்திருக்கும். தெர்மோஸ்டாட்டைப் பிடுங்கி எறியச் சொன்னவரின் யோசனைப்படி நடந்திருந்தால் கொதிப்பு நின்றிருக்கும் என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். அதன் பின் எந்திரம் குளிரில் விறைத்துத் தேய்ந்திருக்கும். பெரிய ரேடியேட்டர் எதையும் மாற்றியிராது; உள்ளே வராத சூட்டை அது எப்படி ஆற்றும்?

திருத்தம் செய்ய 18 டாலர் ஆயிற்று. முன்கூட்டியே வளைவு கொண்ட குழாய் ஒன்றை வாங்கித் தொட்டியின் அடியைத் தவிர்த்துச் சட்டத்தின் பக்கவாட்டில் கொண்டுபோனோம். வார் கட்டவில்லை, ரப்பர் பதித்த உலோகப் பிடியால் தளர்வாகத் தாங்கவிட்டோம். மூடியின் ரப்பர் விறைத்திருந்ததால் அதையும் மாற்றினோம். பாதி தண்ணீரும் பாதி கிளைக்காலும் கலந்து ஊற்றினோம். ஊற்றுவதிலும் ஒரு பக்குவம் உண்டு. குழாய் வழியில் காற்று தங்கிவிட்டால் அதுவும் அடைப்பே. வண்டியின் முன்பகுதியை ஒன்றரை அடி உயரப் பெட்டியின்மேல் ஏற்றி, மூடியின் வாய் யாவற்றினும் உயரமாக இருக்கச் செய்து, எந்திரத்தை மெல்ல ஓட்டியபடி குழாய்களைக் கையால் பிசைந்துகொண்டிருந்தோம். பால் குடித்த பிள்ளையைத் தோளில் போட்டுத் தட்டினால் ஏப்பம் வருவதுபோலக் குமிழிகள் ஒவ்வொன்றாக வெளியேறின. கால்மணி நேரத்தில் அடங்கின. மடங்கியிருந்த ரேடியேட்டர்த் தகடுகளை மெல்லிய மரக்குச்சியால் நிமிர்த்தினோம். முன் உரிமையாளர் ஒட்டியிருந்த கெட்டித் துணி மூடியை எடுத்துவிட்டு, பனி ஒட்டாத அகன்ற கண்ணுள்ள வலையைக் கட்டினோம்.

மீண்டும் மாவு வைத்துத் தொட்டியைப் பூட்டிப் பார்த்தோம். நான்கு உருண்டைகளும் உருண்டைகளாகவே வந்தன.

அடுத்த வாரம் அதே சரிவுக்குச் சென்றோம். குளிர் 11 டிகிரி கீழே. முந்தின இரவில் புதிதாக முழங்கால் அளவு பனி பெய்திருந்தது. நண்பர் முன்னே போக யாம் பின்னே சென்றோம். ஒவ்வொரு நிறுத்தத்திலும் எண்ணைக் கேட்டோம்: 78, 81, 80, 84. நெடிய ஏற்றம் ஒன்றில் இருபது நிமிடம் விடாது உழுதபோது 92 வரை ஏறியது. மேட்டை அடைந்து வேகம் தணித்ததும் மெல்ல, ஊஞ்சலாடாமல், 80க்கு இறங்கியது. போன வாரம் நின்ற இடத்தில் பச்சைக் கறை இருந்த தடமே தெரியவில்லை, புதுப்பனி மூடிவிட்டது. நண்பர் ரேடியேட்டர்க் குழாயைக் கையுறையின்றித் தொட்டுப் பார்த்து, "சுடுது காக்கா" என்றார்.

மார்ச் இறுதியில் வெயில் ஏறி மேல்பனி இறுகிய பின்னர் ஒருநாள் 101 காட்டியது. அதற்குக் காரணம் வேறு. சுழல்பட்டை ஓடும் பிளாஸ்டிக் தண்டவாளங்களுக்குப் பனித்தூளே எண்ணெய். இறுகிய பாதையில் தூள் எழாததால் அவை உராய்ந்து எந்திரத்தின் சுமையைக் கூட்டுகின்றன. ரேடியேட்டர் மேல் தெறித்து ஆற்றுவதற்கும் தூள் இல்லை. பாதையைக் கீறித் தூள் எழுப்பும் கம்பிச் சுருள் ஒன்றைத் தண்டவாளத்தின் பக்கத்தில் பூட்ட வேண்டும். அதற்கான பொருளை நண்பர் வாங்கி வைத்திருக்கிறார். வரும் நவம்பரில் முதற்பனி விழுமுன் பூட்டுவதாக இருக்கிறோம்.